வேண்டியது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது?



ஞாபக மறதிக்காக வரும் முதியவர்களைப் பார்ப்பது என் வேலை. பரிசோதனை முடிந்து பெரியவர் வெளியே போனதும், மகனோ மருமகளோ கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "டாக்டர், காலையில மாத்திரை போட்டீங்களாம்மான்னு கேட்டா தெரியலங்கிறாங்க. ஆனா எங்க கல்யாணத்துல சம்பந்தி வீட்டுல சரியா கவனிக்கலைங்கிற கதைய மட்டும் ஒரு வரி விடாம சொல்றாங்க. அவங்களுக்கு வேண்டியது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? வேணும்னே பண்றாங்களோ?" கொஞ்சம் கோபக்காரர்களாக இருந்தால், "நடிக்கிறாங்க" என்றே முடித்துவிடுவார்கள்.

கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். ஆனால் இந்தச் சந்தேகம் ஒரு வீட்டில் நுழைந்துவிட்டால், மறதியோடு மனஸ்தாபமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் இன்றைக்குக் கிடைத்த நேரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே கொடுக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் கையில் வைத்திருக்கும் மருத்துவச் சீட்டில் எம்.சி.ஐ. என்று மூன்றெழுத்து இருக்கும். லேசான அறிதிறன் குறைபாடு என்று அர்த்தம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் வந்து நிற்பதும் எல்லாருக்கும் உள்ளதுதான். எம்.சி.ஐ. உள்ளவரைச் சோதித்துப் பார்த்தால், அவர் வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்ப்பதைவிட ஞாபகம் குறைந்திருக்கும். ஆனாலும் சமைப்பார், பஸ் ஏறிப் போவார், பென்ஷன் வாங்கி வருவார், பேரனைப் பள்ளியில் விட்டு வருவார். அன்றாடம் பெரிதாகத் தடுமாறாது. அதனால் இது டிமென்ஷியா இல்லை. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, இதை ஒரு தனி நிலையாகப் பார்க்கும் வழக்கம் பரவியது. மறதி கிளினிக்குகளுக்கு வரும் இத்தகையவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 முதல் 15 பேர் டிமென்ஷியாவை நோக்கிப் போகிறார்கள். பல வருஷம் அப்படியே இருப்பவர்களும் உண்டு. அடுத்த பரிசோதனையில் இயல்பு நிலைக்குத் திரும்பியிருப்பவர்களும் உண்டு. சீட்டில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். எங்கள் சோதனையில் ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, ஐந்து நிமிடம் வேறு வேலை கொடுத்துவிட்டு மறுபடி கேட்போம். அவருக்கு ஒரு சொல் கூட வரவில்லை. குறிப்புக் கொடுத்தும் வரவில்லை. சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். சொற்களை விடுங்கள், அப்படி ஒரு சோதனை நடந்ததே அவருக்கு நினைவில்லை. ஆனால் அந்த அறை வாசலில் வந்ததும் நின்றுவிட்டார். "இங்க வேணாம். இங்க என்னமோ அவமானமா இருந்துது" என்றார். என்ன அவமானம் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவர். சின்னப் பெண் ஒருத்தி எதிரில் உட்கார்ந்து கேட்ட ஐந்து சொற்களுக்குப் பதில் தெரியாமல் விழித்த அந்தச் சில நிமிடங்களில் சொற்கள் போய்விட்டன, பட்ட உணர்வு தங்கிவிட்டது. அவர் மகள் என்னிடம், "பாத்தீங்களா டாக்டர், ஞாபகம் இருக்கு, ஆனா இல்லங்கிறாங்க" என்றார்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. மகள் பார்த்ததும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதற்கு மூளைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் பக்கவாட்டு மடலின் உட்புறத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. இன்று யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார், என்ன சொன்னார் என்று ஒரு நிகழ்ச்சியின் துண்டுகளை ஒன்றாகக் கோத்து வைப்பது அது. ஞாபக மறதி வகை எம்.சி.ஐ.யில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது இதுவும் இதை ஒட்டிய பகுதியும்தான். இதற்குச் சற்று முன்னால், பாதாம் பருப்பளவில், அமிக்டலா. பயம், ஆபத்து, மகிழ்ச்சி என்று மனதைத் தொடும் எதையும் அது கவனிக்கிறது. கவனித்ததும், பாடப் புத்தகத்தில் முக்கியமான வரியின் அடியில் கோடு போடுவதுபோல, 'இதை விடாதே' என்று ஹிப்போகாம்பஸுக்கு அழுத்திச் சொல்கிறது. அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற சுரப்புகள் இந்த வேலைக்குத் துணை.

இது வெறும் ஊகம் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் எர்வைன் வளாகத்தில் லாரி கேஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் செய்து, 1994-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்குப் படங்களோடு ஒரு கதை சொன்னார்கள். அம்மாவோடு அப்பாவின் வேலை இடத்துக்குப் போகும் ஒரு சிறுவன் வழியில் காரில் அடிபடுகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, அடிபட்ட பகுதிதான் நன்றாக நினைவில் இருந்தது. கதைக்கு முன் ப்ராப்ரனலால் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் ஞாபகம் வரவில்லை. அட்ரினலின் வகைச் சுரப்புகளின் வேலையைத் தடுக்கும் மாத்திரை அது. கதையின் சாதாரணப் பகுதியை அவர்களும் மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். உணர்ச்சியின் உபயம் மட்டும் விடுபட்டுப் போயிற்று. (கைநடுக்கத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.)

அப்படியானால் ஹிப்போகாம்பஸ் நலிந்துவரும் ஒருவருக்கு, அமிக்டலா போடும் கோடு எந்த அளவுக்கு உதவும்? இதற்கு மிக நேரடியான பதில் ஒரு பேரழிவிலிருந்து கிடைத்தது.

1995 ஜனவரி 17, விடியற்காலை 5 மணி 46 நிமிடம். ஜப்பானின் கோபே நகரையும் சுற்றுப்புறத்தையும் நிலநடுக்கம் தாக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பகுதியில், டிமென்ஷியாவை உண்டாக்கும் அல்சைமர் நோய் உள்ளவர்களை ஏற்கெனவே பார்த்து வந்த மருத்துவர்கள் சில வாரங்கள் கழித்து ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நிலநடுக்கத்தின்போது வீட்டில் இருந்த 51 நோயாளிகளிடம் இரண்டு கேள்விகள். நிலநடுக்கம் ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு உங்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோமே, அது ஞாபகம் இருக்கிறதா? குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுத்து, காதைத் துளைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பதும் சாதாரண அனுபவம் இல்லை. ஆனாலும் ஸ்கேனை நினைவு வைத்திருந்தவர்கள் 16 பேர். நிலநடுக்கத்தை நினைவு வைத்திருந்தவர்கள் 44 பேர். டிமென்ஷியா வந்துவிட்டவர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாதவர்கள், வீடு ஆடியதைச் சொன்னார்கள்.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இதன் மறுபாதியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். நிலநடுக்கம் நடந்ததை நினைவு வைத்திருந்தவர்களுக்கு, அதைச் சுற்றிய விவரங்கள் அப்படி நிற்கவில்லை. தொலைக்காட்சியும் பத்திரிகையும் வீட்டாரும் வாரக்கணக்காக அதையே பேசிக்கொண்டிருந்தும் நிற்கவில்லை. பயம் நிகழ்ச்சியைப் பிடித்து வைத்தது; அதன் விவரங்களைப் பிடித்து வைக்கவில்லை. பிறகு நடந்த இன்னொரு ஆய்வில், அமிக்டலா எவ்வளவு சுருங்கியிருந்ததோ அந்த அளவுக்கு நிலநடுக்க ஞாபகமும் குறைந்திருந்தது தெரிந்தது. ஆக, இந்த உதவியும் என்றென்றைக்கும் இருப்பது இல்லை. நோய் அமிக்டலாவையும் விட்டு வைப்பதில்லை. நார்அட்ரினலினை மூளைக்கு அனுப்பும் சிறு நரம்பணுக் கூட்டம் ஒன்று மூளைத் தண்டில் இருக்கிறது. அல்சைமரின் மாற்றங்கள் மிக முன்னதாகத் தென்படும் இடங்களில் அதுவும் ஒன்று.

எம்.சி.ஐ. இயல்பு நிலைக்கும் டிமென்ஷியாவுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் சோதனைக்கூடங்களில் முடிவுகள் ஒரே மாதிரி வருவதில்லை. சில ஆய்வுகளில் மனதைத் தொடும் படங்களையும் சொற்களையும் இவர்கள் கூடுதலாக நினைவு வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் அந்த வித்தியாசமே தெரிவதில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. திரையில் பாம்பின் படத்தைக் காட்டுவதும், படுத்திருக்கும் கட்டில் நகர்வதும் ஒன்றாகுமா? தன் வாழ்க்கையில் தனக்கு நடந்ததுதான் ஆழமாகப் பதியும். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஆரோக்கியமான முதியவர்கள், எம்.சி.ஐ. உள்ளவர்கள், அல்சைமர் நோயாளிகள் என மூன்று தரப்பாரிடமும் ஆண்ட்ரூ பட்சன் குழுவினர் விசாரித்தார்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு ஞாபகம் மிகக் குறைவாக இருந்தது. ஆனால் அந்த நாளில் பட்ட அதிர்ச்சியின், துயரத்தின் அளவைக் கேட்டபோது மூன்று தரப்பாருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தொடக்கத்தில் சொன்ன கல்யாணக் கதைக்கு இப்போது வருவோம். அன்று மனம் புண்பட்டபோது அதைச் சொல்லும் அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஹிப்போகாம்பஸ் நல்ல நிலையில் இருந்தது. அமிக்டலா அழுத்திக் கோடு போட்டது. பிறகு அந்தக் கதையை அக்காவிடம், நாத்தனாரிடம், பக்கத்து வீட்டில் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அது இன்னும் உறுதியாகி, ஹிப்போகாம்பஸை அவ்வளவாக நம்பியிருக்கத் தேவையில்லாத அளவுக்கு மூளையின் மற்றப் பகுதிகளில் வேரூன்றிவிட்டது. காலை மாத்திரைக்கு இதில் எதுவும் கிடையாது. இன்றைய மாத்திரைக்கும் நேற்றைய மாத்திரைக்கும் வித்தியாசமில்லை, அதில் மனதைத் தொட ஒன்றுமில்லை, பதிய வைக்க வேண்டிய பகுதியோ நலிந்திருக்கிறது. எது தங்க வேண்டும் என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்திருந்தால், பிள்ளைகளிடம் திட்டு வாங்காமல் இருக்க மாத்திரையைத்தான் முதலில் நினைவு வைத்திருப்பார்.

தெளிவாகச் சொல்கிறார் என்பதற்காக, சொல்வதெல்லாம் நடந்தது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இது நோயாளிகளுக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று உல்ரிக் நைஸர் எழுதி வாங்கி வைத்தார். சில வருஷம் கழித்து மறுபடி கேட்டபோது பலர் சொன்னது முதலில் எழுதியதற்கு ஒத்தே வரவில்லை. ஆனால் அடித்துச் சொன்னார்கள். இளைஞர்களுக்கே இப்படி என்றால், ஞாபகம் நலிந்தவர்களுக்கு உணர்ச்சி இன்னொரு வகையிலும் விளையாடும். சிரித்த முகத்தைக் காட்டினால், முன்பு பார்த்திராத முகமாக இருந்தாலும் 'பார்த்திருக்கிறேன்' என்று சொல்லும் போக்கு முதியவர்களிடமும் எம்.சி.ஐ. உள்ளவர்களிடமும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. இனிமையாகத் தோன்றுவது, தெரிந்ததுபோலவும் தோன்றிவிடுகிறது. "நல்லா இருக்கீங்களாம்மா, என்னைத் தெரியலையா?" என்று சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நிற்கும் அந்நியரை நினைத்துப் பாருங்கள். பணம், கையெழுத்து, வங்கி அட்டை, போனுக்கு வரும் ஓ.டி.பி. இவற்றில் வீட்டில் இன்னொருவர் கண் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அதை அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு செய்யுங்கள்.

இதுவரை சொன்னது உணர்ச்சி ஞாபகத்துக்கு என்ன செய்கிறது என்பது. ஞாபகம் போன பிறகு உணர்ச்சி என்ன ஆகிறது? அறை வாசலில் நின்றுவிட்ட ஆசிரியைக்கான விளக்கம் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சி, 2014-இல் வெளியானது. அல்சைமர் உள்ள 17 பேருக்கும், ஆரோக்கியமான 17 பேருக்கும் சோகமான படக் காட்சிகளைக் காட்டினார்கள். இன்னொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளை. முடிந்து சுமார் ஐந்து நிமிடத்தில், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நோயாளிகளால் மிகக் கொஞ்சமே சொல்ல முடிந்தது. ஆனால் மனநிலையை அளந்தபோது, படத்தில் வந்த சோகம் அவர்களிடம் அப்படியே இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. யாருக்குப் படம் குறைவாக நினைவிருந்ததோ, அவர்களிடம் சோகம் அதிக நேரம் நீடித்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2010-இலும், ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த ஐந்து பேரிடம் உணர்வு ஞாபகத்தைத் தாண்டி நிற்பதைப் பார்த்திருந்தார்கள்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். காலை எட்டு மணி. அம்மா பால் வைத்துவிட்டு மறந்துபோகிறார், பாத்திரம் கருகுகிறது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகன் பதறி ஓடி வந்து கேஸை அணைத்துவிட்டு, "வீட்டையே கொளுத்திடுவம்மா நீ! இனிமே அடுப்புப் பக்கமே வராத" என்று கத்திவிட்டுப் போகிறான். அவன் பயம் நியாயமானது. மதியம் மருமகள் சாப்பிடக் கூப்பிட்டால், அம்மா வேண்டாம் என்கிறார். ஏன் என்றால் சொல்லத் தெரியவில்லை. பால் கருகியது நினைவில் இல்லை, மகன் கத்தியதும் இல்லை. நெஞ்சில் ஒரு பாரம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் என்றால், 'காலையில் அவன் கத்தினான், அவன் அவசரத்தில் இருந்தான்' என்று நினைத்துப் பார்த்து மனதை ஆற்றிக்கொள்ளலாம். காரணம் கையில் இல்லாதவரால் அப்படி ஆற்றிக்கொள்ள முடியாது. கண்ணெதிரே இருப்பவரைக் காரணமாக்கிவிடுவதும் உண்டு. எதிரில் இருப்பது சாப்பாட்டோடு நிற்கும் மருமகள். "ஒரு காரணமும் இல்லாம என் மேல எரிஞ்சு விழறாங்க" என்று மருமகள் என்னிடம் வந்து அழுவார். எத்தனையோ மருமகள்கள் அழுதிருக்கிறார்கள். அவர்கள் செய்யாத தப்புக்கு.

'மறந்துதானே போகப் போறாங்க' என்று நினைத்துக் கோபத்தைக் கொட்டுகிறவர்களிடம் நான் கண்டிப்பாகவே பேசுவேன். மறந்துபோவது உங்கள் வார்த்தைகள். அது உண்டாக்கிய கலக்கம் மதியம் வரை இருக்கும். 'போய்ப் பார்த்து என்ன, நாம வந்தது அவங்களுக்கு ஞாபகமா இருக்கப் போகுது' என்று வருவதை நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கும் அதே பதில்தான். நீங்கள் வந்துபோனது நினைவில் இல்லாமல் போகலாம். அன்று சாயங்காலம் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சொந்தக்காரர்கள் வந்தால் நம் வீடுகளில் நடக்கும் ஒன்று என்னை மிகவும் வருத்தும். "என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பாப்போம்!" அன்பாகத்தான் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவருக்கு அது பத்துப் பேர் பார்க்க வைக்கும் பரீட்சை. பதற்றத்தில் வரவேண்டிய பெயரும் வராது. தோராயமாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், அந்தத் தப்பான பதிலே பதிந்துபோகும் ஆபத்து உண்டு. ஞாபகம் நலிந்தவர்களுக்குத் தவறு செய்ய விடாமல் கற்றுக்கொடுப்பதே நல்லது என்று ஆலன் பேடலியும் பார்பரா வில்சனும் 1994-லேயே காட்டினார்கள். அதனால் முந்திக்கொண்டு நீங்களே சொல்லிவிடுங்கள். "அத்தை, நான் செல்வி, உங்க தம்பி மக. மதுரையிலேர்ந்து வந்திருக்கேன்." பேர் கிடைத்ததும், உங்கள் சின்ன வயதுக் கதைகளை அத்தை தானாகவே எடுத்து விடுவார்.

மாத்திரைக்கும் இதுதான். "போடலன்னா பக்கவாதம் வந்துடும்" என்று பயமுறுத்தினால், பயம் தங்கும், மாத்திரை தங்காது. கோபே ஆய்வு சொன்னதும் அதைத்தானே. கிழமை எழுதிய மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்கள். காபி குடிக்கும் இடத்திலேயே அதை வையுங்கள். நேரத்தை மாற்றாதீர்கள்.

மனச்சோர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுமையில் வரும் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல், 'எதிலும் பிடிப்பில்லை, ஒன்றும் மனதில் நிற்கவில்லை' என்ற அளவில் இருந்துவிடும். அதுவே எம்.சி.ஐ. போலத் தோன்றும்; எம்.சி.ஐ.யோடு சேர்ந்தும் வரும். சிகிச்சை கொடுத்தால் ஞாபகமும் ஓரளவு தேறுகிறவர்கள் இருக்கிறார்கள். தைராய்டு, பி12 வைட்டமின், தூக்கம், காது கேட்கும் திறன் இவற்றையும் பார்த்துவிட வேண்டும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு டிமென்ஷியாவுக்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. மனச்சோர்வு, தனிமை, காது கேளாமை மூன்றும் அதில் உண்டு. வயசாச்சு என்று விட்டுவிடுகிற மூன்றும் இவைதான்.

கடைசியாக, எம்.சி.ஐ. என்று சொல்லப்பட்டு இங்கே வந்திருக்கும் பெரியவர்களிடம் நேராகப் பேசுகிறேன். உங்கள் மறதி உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பலர் அதை மறைக்கவே பாதிச் சக்தியைச் செலவிடுகிறீர்கள். பேச்சின் நடுவே தடுமாறினால் சிரித்துச் சமாளிக்கிறீர்கள், கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறீர்கள். வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் எடுத்து எழுதுங்கள். யாருக்கும் அதில் தலைகுனிவு இல்லை. பிடித்தவர்கள் வீட்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். வங்கிக் கணக்கில் நாமினி யார், வீடு யாருக்கு, பிற்பாடு உடம்பு முடியாமல் போனால் யாரோடு இருக்க விருப்பம் என்பதை, தெளிவாக யோசிக்க முடிகிற இந்தக் காலத்திலேயே நீங்களே சொல்லி எழுதி வையுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்கத் தயங்குவார்கள். நீங்கள்தான் பேச்சை எடுக்க வேண்டும்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறேன். வீட்டுப் பெரியவரைப் பற்றிக் கேட்பதாக இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரைத் தாண்டி என்னிடம் கேட்காதீர்கள். அவரையும் பேச விடுங்கள், அவரிடமிருந்தே தொடங்குவோம்.